விளம்பரப் பக்கத்தில் ஓடிய பஸ்

பத்திரிகைக்காரர்கள் எனக்கு வைத்திருக்கும் பெயர் நகைச்சுவை எழுத்தாளர். தஞ்சாவூர்ச் சுற்றுவட்டாரத்தில் சொந்தச் செலவில் புத்தகம் போடுகிறவர்கள் என்னை வேறு விதமாக அறிவார்கள். கேட்டால் மறுக்காமல் அணிந்துரை தருகிற ஆள். கவிதையோ, கோயில் வரலாறோ, பேராவூரணிப் பக்கத்துத் தென்னை சாகுபடியோ, மூட்டுவலிக்குக் கைவைத்தியமோ, எதுவானாலும் ஒரு காபி ஆறுவதற்குள் எழுதிக் கொடுத்துவிடுவேன். புத்தகத்தைத் திறக்க வேண்டிய நெருக்கடி பெரும்பாலும் வருவதில்லை. தலைப்பும் ஆசிரியரின் ஊரும் தெரிந்தால் போதும். காலத்தின் தேவை என்று ஆரம்பித்து, வீடுதோறும் இருக்க வேண்டிய நூல் என்று முடித்தால், நடுவில் எதை வைத்தாலும் தாங்கும். வெளியீட்டு விழாவில் ஒரு பொன்னாடை கிடைக்கும். அந்தப் பொன்னாடைகள் எங்கள் வீட்டில் தையல் மெஷினுக்கும் இன்வெர்ட்டருக்கும் உறையாகப் பயன்படுகின்றன.

ஆகையால் என் மனைவி ஒருநாள் சாப்பாட்டு மேசையில், "நூறு புத்தகத்துக்கு மேல இருக்கு, ஒவ்வொண்ணுக்கும் நாலு வரி எழுதணும்" என்று பெருமூச்சு விட்டபோது, கடவுள் என்னை எதற்காகப் படைத்தார் என்பது எனக்குப் புரிந்துவிட்டதுபோல இருந்தது.

அவள் மேல்நிலைப் பள்ளியில் வரலாறு நடத்துகிறாள். பகுதி நேரமாக முனைவர் பட்டத்துக்குப் பதிவு செய்திருந்தாள். அவள் எடுத்துக்கொண்ட பொருளைச் சொன்னால் கேட்பவர்கள் ஒரு கணம் நிறுத்தி, பிறகு பேச்சை மாற்றுவார்கள். விழா மலர்கள். எங்கள் பக்கத்தில் எது நடந்தாலும் ஒரு மலர் வரும். கோயில் கும்பாபிஷேகம், மாதா கோயில் வெள்ளி விழா, பள்ளிவாசல் புதுப்பித்துத் திறப்பு, பள்ளிக்கூட நூற்றாண்டு, ரைஸ் மில் உரிமையாளர் சங்க மாநாடு. வழவழப்பான அட்டை, அதன் பின் வாழ்த்துரைகள், அதன் பின் ஊர் வரலாறு, மீதி முழுக்க விளம்பரம். வாங்குகிறவர் தன் போட்டோ எந்தப் பக்கத்தில் இருக்கிறது என்று பார்த்துவிட்டுப் பரணில் போடுவார். யாரும் படிப்பதில்லை என்பதில் எழுதியவர், அச்சிட்டவர், வாங்கியவர் மூவருக்கும் கருத்து வேற்றுமை கிடையாது.

என் மனைவி அவற்றில் தண்ணீரைத் தேடினாள். எந்த ஆண்டு ஆற்றங்கரை உடைந்தது, எப்போது வாய்க்கால் வறண்டது, மதகு கட்ட யார் நிலம் கொடுத்தார்கள் என்பதெல்லாம் அரசாங்கக் காகிதங்களில் ஒரு மாதிரியும் இந்த மலர்களில் இன்னொரு மாதிரியும் இருக்கிறது என்பது அவள் கட்சி.

இந்தப் பொருளைக் கேட்டுப் பேச்சை மாற்றாத ஒரே ஆள் அவளுடைய நெறியாளர். டெல்டாவின் ஆறுகளையும் வாய்க்கால்களையும் பற்றி அவர் எழுதிய புத்தகம் இந்தத் துறையில் இருக்கிற எல்லோருடைய மேசையிலும் இருக்கும். அவர் போட்ட ஒரே நிபந்தனை இதுதான்: "இயல் எழுத உக்காருறதுக்கு முன்னாடி நூலடைவு குடுங்க. வெறும் பட்டியல் வேணாம். ஒவ்வொரு மலருக்கும், ஒவ்வொரு நூலுக்கும் கீழ குறிப்புரை. என்ன சொல்லுது, எங்கேருந்து எடுத்துச் சொல்லுது, உங்களுக்கு எதுக்கு உதவும், எதுக்கு உதவாது. அதைப் பாத்துட்டுத்தான் கமிட்டி."

அந்தக் கமிட்டிதான் தலைக்கு மேலே கத்தியாகத் தொங்கியது. பள்ளிக்கூடத் தேர்வுப் பணி, மாமியார் ஆஸ்பத்திரி வாசம் என்று ஏற்கெனவே ஒரு நீட்டிப்பு வாங்கியாயிற்று. இந்தக் கூட்டத்தில் நூலடைவு தேறவில்லையென்றால் பதிவு ரத்தாகிவிடும். நெறியாளர் கையெழுத்துப் போட்டால்தான் அது கமிட்டிக்கே போகும். அவரும் இந்தக் கல்வியாண்டோடு ஓய்வு பெறுகிறார். அவர் போன பிறகு விழா மலர் என்று சொல்லிக்கொண்டு இன்னொரு பேராசிரியரின் அறைக்குள் நுழைய முடியாது.

நான் உதவிக்குப் போனேன். ஒரு மாலையில் பத்து மலர்களுக்குக் குறிப்புரை எழுதி முடித்து, காபியைக்கூட முழுதாகக் குடிக்காமல் அவள் முன்னால் வைத்தேன். அவள் கண்ணாடியை ஏற்றிவிட்டுக்கொண்டு படித்தாள். இரண்டாம் தாளுக்கு வந்ததும் நிமிர்ந்தாள்.

"இதுல புத்தகம் எங்கங்க இருக்கு?"

"எல்லாமே புத்தகத்தைப் பத்தித்தானே எழுதியிருக்கேன்."

"'மண்ணின் மணம் கமழும் மலர்'னு போட்டிருக்கீங்க. இது ரைஸ் மில்காரங்க மலர். மணம் எங்க கமழுது?"

"நெல்லு அவிக்கிறப்ப கமழாதா?"

"எந்தப் பக்கத்துல அவிக்கிறாங்க?"

எனக்குப் பக்கம் தெரியவில்லை. அவள் அந்தத் தாள்களைக் கிழிக்கவில்லை. ஆசிரியை ஆயிற்றே. பின்பக்கம் வெள்ளையாக இருந்ததால் அதில் தன் குறிப்பை எழுத எடுத்து வைத்துக்கொண்டாள்.

அவள் வேலை செய்கிற விதத்தை அப்போதுதான் உட்கார்ந்து பார்த்தேன். மலரைக் கையில் எடுத்ததும் கடைசிப் பக்கத்திலிருந்து திறந்தாள். விளம்பரங்களை ஒவ்வொன்றாகப் படித்தாள், சோடா கம்பெனி உள்பட. அதன் பிறகுதான் ஊர் வரலாறு. வாழ்த்துரைகளை எண்ணிவிட்டு நகர்ந்தாள்.

"என்ன, துணிக்கடை விளம்பரமெல்லாம் படிக்கிற? தீபாவளிக்கா?"

"ஊர் வரலாறு எழுதறவர் பெருமைக்கு எழுதுவார். விளம்பரம் குடுக்கறவர் வியாபாரத்துக்குக் குடுக்கிறார். அவருக்குப் பொய் சொல்ல இடம் கம்மி."

"துணிக்கடைக்காரனுக்கா?"

"துணியைப் பத்திச் சொல்லுவான். தண்ணியைப் பத்திச் சொல்ல மாட்டான்."

ஒரே ஊர்க் கோயிலின் மூன்று கும்பாபிஷேக மலர்களை என் முன்னால் வரிசையாகப் போட்டாள். மூன்றிலும் ஊர் வரலாறு ஒரே கட்டுரை. கமா கூட இடம் மாறவில்லை. மூன்றிலும் காவிரி வற்றாமல் பாய்ந்து வளம் கொழித்துக்கொண்டிருந்தது. முதல் மலரின் பின்பக்கத்தில் வண்டிப் பட்டறையும் விதைநெல் கடையும் விளம்பரம் கொடுத்திருந்தன. இரண்டாவதில் பம்புசெட். மூன்றாவதில் போர்வெல். முன்பக்கத்தில் ஆறு வற்றவே இல்லை. பின்பக்கத்தில் மண்ணைத் துளைத்துக்கொண்டு போகிறார்கள்.

அவள் எழுதிய ஒரு குறிப்புரையை இங்கே தருகிறேன். "ஊர் வரலாறு முந்தைய மலரிலிருந்து எடுக்கப்பட்டது, எடுத்ததாகச் சொல்லவில்லை. வாழ்த்துரைகளில் தகவல் இல்லை. வாய்க்கால் பற்றிய கட்டுரை பயனுள்ளது. எழுதியவர் மடை திறக்கும் பொறுப்பில் இருந்தவர், நேரில் கண்டதைச் சொல்கிறார். ஆனால் அவர் தலைமடைக்காரர். கடைமடையில் இருந்தவர்கள் என்ன சொன்னார்கள் என்பது இதில் இல்லை."

இவ்வளவுதான். படித்து முடித்தபோது அந்த மலர் என் கைக்கு வந்துவிட்டது போல இருந்தது. அதன் எடை, அதன் ஓட்டை, எல்லாம் தெரிந்தது. என் அணிந்துரைகளைப் படித்தால் ஆசிரியர் பொன்னாடையோடு நிற்பது மட்டும் தெரியும். இத்தனை வருஷம் நான் விற்றுக்கொண்டிருந்தது எது, இவள் சும்மா செய்துகொண்டிருப்பது எது என்று முதல் தடவையாகக் கொஞ்சம் கூச்சமாக இருந்தது. கூச்சம் நீடிக்கவில்லை, மறுநாள் ஒரு அணிந்துரை கொடுக்க வேண்டியிருந்தது.

நூலடைவு முடிகிற நேரத்தில் ஒரே ஒரு மலர் பாக்கி நின்றது. குடவாசல் பக்கத்து ஊர் ஒன்றின் பழைய கும்பாபிஷேக மலர். அதில் ஒரு வெள்ளத்தைப் பற்றிய கட்டுரை இருந்தது. பிற்காலத்து மலர் ஒன்று அந்தக் கட்டுரையை மறுபடி அச்சிட்டிருந்தது. அந்த மறுபதிப்பை வைத்துத்தான் நெறியாளர் தன் புத்தகத்தின் மூன்றாம் இயலை எழுதியிருந்தார். அந்த வெள்ளத்தால்தான் அங்கே மதகு வந்தது, மதகால்தான் முறைவைத்துத் தண்ணீர் விடுகிற வழக்கம் வந்தது என்பது அவருடைய வாதம். மூல மலரை ஆய்வாளர்கள் யாரும் பார்த்ததில்லை.

"மறுபதிப்புதான் கையில இருக்கே, அதை வச்சு எழுதிடேன்" என்றேன்.

"பாக்காத புத்தகத்துக்கு எப்படிங்க குறிப்பு எழுதறது?" என்றாள். என்னைப் பார்த்துச் சொல்லவில்லை. அதற்காக நன்றி.

அந்த ஊர்க் கடைத்தெருவில் துணிக்கடை வைத்திருக்கும் ஒரு முஸ்லிம் பெரியவரிடம் ஒரு பிரதி இருப்பதாகத் தகவல் வந்தது. ஞாயிற்றுக்கிழமை மாதா கோயிலில் பூசை முடிந்த கையோடு ஸ்கூட்டரில் கிளம்பினோம். ஐப்பசி மாதம். குறுவை அறுத்த நெல்லை ரோட்டில் பாதிக்குக் கொட்டிக் காயப்போட்டிருந்தார்கள். வானம் கறுத்தால் தார்ப்பாயை இழுத்துவிடத் தயாராக ஆட்கள் ஓரத்தில் உட்கார்ந்திருந்தார்கள். மீதிப் பாதி ரோட்டில் நாங்களும் எதிரே வருகிற பஸ்ஸும் மாறி மாறி வழிவிட்டுக்கொண்டு போய்ச் சேர்ந்தோம்.

"வாங்க டீச்சர், வாங்க சார். மழைக்கு முன்னாடி வந்துட்டீங்க. மொதல்ல டீ" என்றார் அந்தக் கடைக்காரர். எழுபதைத் தொட்ட மனிதர். பட்டுப்புடவைப் பெட்டி ஒன்றைத் திறந்து, அதற்குள் வெள்ளைத் துணியில் சுற்றி வைத்திருந்த மலரை எடுத்து மேசையில் வைத்தார். அட்டை இல்லை. முதல் சில தாள்களும் இல்லை.

"கோயில் மலர் உங்க வீட்டுல எப்படி பாய் இவ்வளவு பத்திரமா?" என்று கேட்டேன்.

"எங்க அத்தா விளம்பரம் குடுத்திருக்காங்கள்ல! கோயில்லயே இது கிடையாது சார், கரையான் தின்னுடுச்சு. அப்புறம் ஒரு கும்பாபிஷேகத்துக்கு அவங்களே இங்க வந்துதான் ஜெராக்ஸ் எடுத்துட்டுப் போனாங்க. கட்டுரையை மட்டும் எடுத்தாங்க, விளம்பரத்தை விட்டுட்டாங்க. அத்தா இருந்திருந்தா வருத்தப்பட்டிருப்பாங்க."

"விளம்பரத்தைப் பாக்கலாமா?" என்றாள் என் மனைவி.

அவர் முகம் மலர்ந்தது. கட்டுரையைக் கேட்டு வந்தவர்கள் உண்டு. விளம்பரத்தைக் கேட்டு வந்த முதல் ஆள் இவள்தான் போலிருக்கிறது. பக்கத்தைப் பிரித்து அவள் பக்கம் திருப்பினார். ஒரு பழைய மூக்கு நீண்ட பஸ். பக்கத்தில் குல்லாய் போட்ட ஒருவர், கடைக்காரரின் தந்தை, பஸ்ஸின் மேல் கை வைத்துக்கொண்டு நிற்கிறார். கீழே இப்படி இருந்தது: "சென்ற ஐப்பசியில் கரை உடைந்து சாலை அரிக்கப்பட்டதால் நிறுத்தி வைக்கப்பட்டிருந்த எங்கள் பஸ், தை முதல் வழக்கம்போல் ஓடுகிறது என்பதைப் பக்தகோடிகளுக்குப் பணிவன்புடன் தெரிவித்துக்கொள்கிறோம்."

மனைவி அதை இரண்டு தரம் படித்தாள். பிறகு கட்டுரைப் பக்கத்துக்குப் போனாள். மறுபடி விளம்பரத்துக்கு வந்தாள்.

"இந்த உடைப்பும் கட்டுரையில இருக்கிற உடைப்பும் ஒண்ணா பாய்?"

"வேற எது? அத்தா சாகற வரைக்கும் அதைத்தான் சொல்லிக்கிட்டு இருந்தாங்க. பஸ்ஸு ஷெட்ல, ரோடு ஆத்துக்குள்ள. அந்த வெள்ளத்துலதான் நான் பொறந்தேன். எங்கம்மா என்னை 'தண்ணியில வந்தவன்'னுதான் கூப்புடுவாங்க."

அவள் போனில் எல்லாப் பக்கங்களையும் படம் எடுத்துக்கொண்டாள். சோடா கம்பெனியையும் விடவில்லை.

திரும்பும்போது மழை பிடித்துக்கொண்டது. ஒரு நெல் கொள்முதல் நிலையத்தின் கூரைக்கு அடியில் ஒதுங்கினோம். நான் மழையைப் பற்றிச் சொன்ன நகைச்சுவைக்கு மூட்டைமேல் உட்கார்ந்திருந்த ஒரு விவசாயி மட்டும், மரியாதைக்கு, தலையை ஆட்டினார். மழை அவருக்கு நகைச்சுவை அல்ல.

"என்னங்க" என்றாள். "சார் புத்தகத்துல மூணாவது இயல் போயிடுச்சு."

"போயிடுச்சுன்னா?"

விளக்கினாள். நம் வருஷங்களுக்குப் பெயர் உண்டு, அறுபது பெயர்கள். தீர்ந்ததும் மறுபடி முதலிலிருந்து ஆரம்பிக்கும். கட்டுரையில் வெள்ளம் வந்த ஆண்டுக்குப் பெயர் மட்டும் போட்டிருந்தார்கள். எந்தச் சுற்று என்று போடவில்லை. எழுதியவருக்கும் அப்போது படித்தவர்களுக்கும் அது தேவைப்படவில்லை. போன வருஷத்து வெள்ளத்துக்கு யார் விலாசம் எழுதுவார்கள்? ஆனால் கட்டுரை பழைய புராண நடையில், யுகாந்திர காலத்துச் சம்பவம் போல இருந்தது. மறுபதிப்பை மட்டும் பார்த்த நெறியாளர் அதை ஒரு சுற்று முன்னால், அறுபது வருஷம் தள்ளி வைத்துவிட்டார். அந்தக் காலத்தில் அந்த ஊருக்குப் பஸ் கிடையாது. வெள்ளம் வந்தது துணிக்கடைக்காரர் பிறந்த வருஷம். மதகோ அதற்கு வெகு முன்னாலேயே கட்டியாகிவிட்டது. ஆக, காரியம் நடந்து முடிந்து ஒரு தலைமுறைக்குப் பின் காரணம் வந்து சேர்கிறது.

ஆண்டின் பெயரை இங்கே எழுதவில்லை. எழுதினால் இதற்கும் ஒருத்தி குறிப்புரை போடுவாள்.

மறுநாள் வீட்டில் நான் ஆலோசனைகளை வழங்கினேன். ஆலோசனை சொல்வதில் எனக்குச் செலவில்லை.

"அவர் புத்தகத்தை நூலடைவுல சேக்காம விட்டுடு."

"டெல்டா தண்ணியைப் பத்தி ஆராய்ச்சி, அந்தப் புத்தகம் இல்லாமயா? காவிரியை விட்டுட்டுத் தஞ்சாவூருக்கு மேப் போடற மாதிரி."

"சரி, அந்த மலரை விடு. யாரும் பாத்ததில்லதானே?"

"நாம பாத்துட்டோமே."

"போன்ல பதமா ஒரு வார்த்தை சொல்லிடேன்."

"போன்ல சொன்னா அது புகார். எழுதிக் காட்டினா அது வேலை."

"அவர் கையெழுத்துப் போடலைன்னா?"

அவள் பாத்திரம் கழுவிக்கொண்டிருந்தாள். குழாயை நிறுத்தினாள். "போகும்" என்றாள். எத்தனையோ மே மாத விடுமுறைகளைப் பரண்களின் தூசியில் கழித்தவள் அவள். ஒட்டடைக்கும் கரப்பானுக்கும் பயந்தவள், அதே பரண்களில் ஏறித்தான் இந்த மலர்களை இறக்கினாள். "போகும். ஆனா அவர்தானே பாக்காததை எழுதாதீங்கன்னு சொன்னார்? பாத்ததை எழுதாதீங்கன்னு சொல்லலையே."

குறிப்புரையை எழுதினாள். நூலின் வரைபடங்களுக்கு இன்றுவரை மாற்று இல்லை என்று முதலில் சொன்னாள், அது உண்மை. எந்த வாய்க்கால் எங்கே பிரிகிறது என்பதை ஆசிரியர் நடந்து பார்த்து எழுதியிருக்கிறார் என்றாள், அதுவும் உண்மை. பிறகு மூன்றாம் இயல், மூல மலர், விளம்பரம். கடைசி வாக்கியத்துக்கு வந்ததும் பேனா நின்றுவிட்டது. அந்த மனிதரிடம்தான் அவள் எல்லாவற்றையும் கற்றிருந்தாள். மற்றவர்களுக்கு "தவறு" என்று ஒரே சொல்லில் போட்டவளுக்கு இவருக்குப் போடக் கை வரவில்லை. அது பயமல்ல என்று எனக்குத் தெரியும். பயம் எப்படி இருக்கும் என்பது எனக்கு நன்றாகத் தெரியும்.

என் தொழில்திறமைக்கு வேளை வந்தது. "நான் ஒரு வரி தரேன்" என்றேன். தந்தேன்: "எனவே, இந்நூலின் ஆண்டுக் கணிப்பு மறுபரிசீலனைக்கு உரியதோ எனக் கருத இடமுண்டு."

அவள் அதை வெகுநேரம் பார்த்தாள். "இது மரியாதையா, கோழைத்தனமாங்க?"

"நம்ம ஊர்ல ரெண்டுக்கும் ஒரே பொன்னாடைதான்."

சிரிக்கவில்லை. ஆனால் அந்த வரியைச் சேர்த்துக்கொண்டாள்.

நூலடைவையும் அந்த விளம்பரப் பக்கத்தின் படத்தையும் கொடுத்துவிட்டு வந்த பிறகு ஒரு சத்தமும் இல்லை. வழக்கமாக அவர் இரண்டொரு நாளில் சிவப்பு மையோடு திருப்பித் தந்துவிடுவார். ஒரு வாரம் ஓடியது. கமிட்டிக்கு அனுப்ப வேண்டிய கடைசி நாள் பக்கத்தில் வந்துவிட்டது. ஒரு தடவை போன் செய்தாள். "பாத்துக்கிட்டு இருக்கேம்மா" என்று வைத்துவிட்டார். எப்போதும் டீச்சர் என்று கூப்பிடுகிறவர் அம்மா என்றது நல்லதற்கா கெட்டதற்கா என்று நான் ஒரு மாலை முழுக்க ஆராய்ந்தேன். அவள் பள்ளிக்கூடம் போனாள், வந்தாள், இரவல் வாங்கிய மலர்களை ஒவ்வொன்றாக உரியவர்களிடம் திருப்பிக் கொடுத்தாள். கடையைக் கட்டுகிறாளோ என்று எனக்குத் தோன்றியது. கேட்கவில்லை.

பிறகு அவரே கூப்பிட்டார். "ரெண்டு பேரும் வீட்டுக்கு வாங்க."

ரெண்டு பேரும் என்றதை நான் வழி முழுக்க ஆராய்ந்துகொண்டே போனேன்.

அவர் வீட்டுக் கூடத்தில் சொந்த நிலத்துக் குறுவை நெல் மூட்டைகள் சுவரோரம் அடுக்கியிருந்தன. ஈர நெல்லின் வாசனை. உட்காரச் சொன்னார். டீ வரவில்லை. நூலடைவு அவர் முன்னால் இருந்தது, சிவப்பாக. முதல் பக்கத்திலிருந்து ஆரம்பித்தார். இங்கே பதிப்பாளர் இல்லை, இங்கே பக்க எண் இல்லை, இந்தக் குறிப்பு நீளம், இது நன்றாக இருக்கிறது. தன் புத்தகம் வரும் இடத்தைத் தாண்டி, கடைசிவரை போனார். பிறகு திரும்பி வந்தார்.

"இந்தக் கடைசி வரி யார் எழுதினது?"

"நான்தான் சார் சேத்தேன்" என்றாள் என் மனைவி.

"சேத்தீங்க. எழுதினது நீங்க இல்ல." என்னைப் பார்த்தார். நான் நெல் மூட்டைகளைப் பார்த்தேன். "மத்தவங்களுக்கெல்லாம் 'தவறு', 'இல்லை', 'எடுத்ததாகச் சொல்லவில்லை'ன்னு போட்டுக்கிட்டு வரீங்க. என் புத்தகம் வந்ததும் 'கருத இடமுண்டு'. எனக்கு மட்டும் என்னத்துக்கு டீச்சர் தனிப் பந்தி?"

அந்த வரியின் மேல் சிவப்புக் கோடு, வரப்பு வெட்டியது போல நேராக ஓடியது. அதற்கு மேலே அவருடைய சின்ன எழுத்தில்: "தவறு. ஒரு சுற்று முன்னால் போட்டுவிட்டார். மூன்றாம் இயலின் வாதம் நிற்காது."

அவர் கண்ணாடியைக் கழற்றி வேட்டி நுனியில் துடைத்தார். ரொம்ப நேரம் துடைத்தார்.

"மொத ரெண்டு நாள் கோவம்தான். உங்க மேலதான், மறைப்பானேன். அப்புறம் அந்த பஸ் படத்தைப் பாத்துக்கிட்டே இருந்தேன். மாட்டுவண்டிக்கு எவனும் 'வழக்கம்போல் ஓடுகிறது'ன்னு விளம்பரம் குடுக்க மாட்டான் இல்லையா?" கண்ணாடியை மாட்டிக்கொண்டார். "அந்த ஊருக்கு நான் போயிருக்கேன் டீச்சர். ஆத்தங்கரையில நின்னு, எங்க உடைஞ்சுது, எவ்வளவு அகலம், எந்தக் கொல்லை மூழ்குச்சுன்னு ஒவ்வொருத்தரா கேட்டேன். கண்ணால பாத்தவங்களே சொல்லியிருக்காங்க. ஏதோ அப்பன் பாட்டன் சொன்னதைச் சொல்றாங்கன்னு நெனச்சுட்டேன். வருஷம்தான் கையில இருக்கேன்னு, அதை மட்டும் கேக்கல."

இப்படிப்பட்ட மௌனங்களை நிரப்புவது என் வழக்கம். "இருந்தாலும் சார், உங்க நூல் காலத்தின்..." என்று ஆரம்பித்தேன்.

"சார், நீங்க சும்மா இருங்க" என்றார்.

சும்மா இருந்தேன். அவர் முதல் பக்கத்தைத் திருப்பிக் கையெழுத்துப் போட்டார். மை காய ஊதினார். அவள் புடவைத் தலைப்பால் கண்ணைத் துடைத்துக்கொண்டதை அவர் பார்க்காதது போல உள்ளே திரும்பி டீக்குக் குரல் கொடுத்தார்.

கமிட்டி அடுத்த வாரம் கூடியது. என்னை உள்ளே விட மாட்டார்கள். பல்கலைக்கழக வாசலில் ஸ்கூட்டர் பக்கத்தில் நின்றேன். நடந்ததை அவள் வெளியே வந்து சொன்னாள். வெளியூரிலிருந்து வந்திருந்த உறுப்பினர் ஒருவர் முதலிலேயே கையை விரித்தாராம். விழா மலரெல்லாம் ஓர் ஆதாரமா, இதில் என்ன தெரிந்துவிடப் போகிறது என்று. என் மனைவி வாயைத் திறப்பதற்குள் நெறியாளர் தாளைக் கையில் எடுத்து, நூலின் பெயரைச் சொல்லாமல், அந்த ஒரு குறிப்புரையை மட்டும் உரக்கப் படித்தாராம். சிவப்பு மையில் எழுதிய கடைசி வரிவரைக்கும்.

வெளியூர்க்காரர் சாய்ந்து உட்கார்ந்து, "நல்லா மாட்டியிருக்காரே. யாருங்க அந்த ஆளு?" என்றாராம்.

"நான்தான்" என்றாராம் நெறியாளர்.

அதன் பிறகு ஆதாரத்தைப் பற்றி யாரும் கேட்கவில்லை. எங்கள் ஊர்ப் பக்கம் கமிட்டி என்றால் முதலில் டீயும் வடையும், அப்புறம்தான் காகிதம். அன்றைக்கு மூன்று பேரும் கையெழுத்துப் போட்டு முடிக்கிற வரைக்கும் வடையை யாரும் தொடவில்லையாம்.